மீனா அனுப்பிய மஞ்சள் பூ

மீனா: (படம்) இன்று செப்டம்பர் 1. மெல்பர்னில் வசந்தம் பிறந்துவிட்டது. வாட்டில் பூ நாள் என்று நிலா சட்டையில் ஒரு கொத்து குத்திக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள்.

பெரியப்பா: இது நம் கருவேலம்பூ அல்லவா? அதே மஞ்சள் உருண்டை. முள்ளைத்தான் காணோம்.

மீனா: நெருங்கிய சொந்தம்தான் பெரியப்பா. இது கோல்டன் வாட்டில், ஆஸ்திரேலியாவின் தேசிய மலர்.

செல்வம்: தேசிய மலர் என்றால் என்ன அக்கா, அரசாங்கம் ஒருநாள் கூட்டம் போட்டு முத்திரை குத்தியிருக்கும்.

மீனா: முத்திரை கடைசியில்தான் வந்தது தம்பி. 1901இல் ஆறு குடியேற்றங்கள் சேர்ந்து ஒரே நாடாயின. கொடியின் மூலையில் பிரிட்டன் கொடி, ரோஜாவோ இங்கிலாந்துடையது. இது எங்களுடையது என்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. குளிர் முடிவதற்குள்ளேயே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும் இந்தச் செடியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மீனா: 1910 செப்டம்பர் 1 அன்று சிட்னி, மெல்பர்ன், அடிலெய்டு மூன்று ஊரிலும் கொண்டாடினார்கள். 1912இல் அரசுச் சின்னத்தில் கங்காருவுக்கும் ஈமுவுக்கும் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. முதல் உலகப் போரில் கொத்துக் கொத்தாக விற்று நிதி திரட்டினார்கள். போர்முனையில் இருந்த பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குள் வைத்தும் அனுப்பினார்கள்.

அத்தை: போய்ச் சேருவதற்குள் காய்ந்து பொடியாகியிருக்குமே!

மீனா: பொடியானால் என்ன அத்தை, ஊர்ப் பூ.

செல்வம்: சரி, முத்திரை எப்போது?

மீனா: 1988.

செல்வம்: 78 வருடம் கழித்தா!

பெரியப்பா: அதற்கு முன்பே கிரிக்கெட்டில் மஞ்சள் சட்டை போட்டு நம்மை அடித்துக்கொண்டிருந்தார்களே.

மீனா: அந்தப் பச்சையும் மஞ்சளும் இந்தச் செடியின் இலையும் பூவும்தான் என்பார்கள். நிறத்துக்கு 1984லேயே அறிவிப்பு வந்துவிட்டது. பூ இன்னும் நான்கு வருடம் காத்திருந்தது.

அத்தை: அந்த நாட்டில் வேறு பூவே இல்லையா?

மீனா: வாராட்டா இருக்கிறது அத்தை. செக்கச் செவேலென்று பெரிய பூ. என்னைக் கேட்டால் அழகில் வாட்டில் அதன் பக்கத்தில் நிற்காது. அப்போதே இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். ஆனால் வாராட்டா தென்கிழக்கோடு சரி. வாட்டில் எல்லா மாநிலத்திலும் உண்டு, ஏறக்குறைய ஆயிரம் வகை. இதில் வேடிக்கை, கடைசியில் தேர்ந்தெடுத்த கோல்டன் வாட்டிலும் தென்கிழக்குச் செடிதான்! மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு அது வெளியூர்ச் செடி.

பெரியப்பா: வாட்டில் என்றால் என்ன பொருள்?

மீனா: குச்சியைப் பின்னிச் செய்கிற தட்டி. ஆரம்பத்தில் வந்து குடியேறியவர்கள் இளங்கொம்புகளைப் பின்னி, மண் பூசிக் குடிசை போட்டார்கள். அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

செல்வம்: தட்டிச்செடிக்கு வந்த வாழ்வு!

மீனா: பெரியப்பா, உங்கள் கருவேலத்துக்கு நடந்தது தெரியுமா? தாவரவியலில் அதற்கும் வாட்டிலுக்கும் அகேசியா என்று ஒரே இனப்பெயர். அந்தப் பெயருக்கு ஆதாரமாக வைத்திருந்ததே உங்கள் கருவேலத்தைத்தான். 2005இல் வியன்னாவில் நடந்த தாவரவியல் மாநாட்டில் அந்தப் பெயரை ஆஸ்திரேலிய வகைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து பலத்த எதிர்ப்பு. 2011இல் மெல்பர்ன் மாநாட்டிலும் முடிவு மாறவில்லை. கருவேலம் இப்போது வச்செலியா.

பெரியப்பா: அநியாயமாக இருக்கிறதே. ஏன் அப்படி?

மீனா: இங்கே ஆயிரம் செடிக்குப் பெயர் மாற்ற வேண்டும். அங்கே அவ்வளவு இல்லை.

பெரியப்பா: தலையை எண்ணிவிட்டார்கள் என்று சொல். ஆலும் வேலும் பல்லுக்குறுதி. வச்செலியாவை வைத்து யார் பல் துலக்குவது?

செல்வம்: 😂😂

அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். பெண் குழந்தை பூவைத் தலையில் வைக்காமல் சட்டையில் ஏன் குத்திக்கொண்டு போனாள்?

மீனா: தலையில் வைத்தால் நிற்காது அத்தை. சட்டையில் குத்தியதிலேயே பாதி வாசலில் கொட்டிவிட்டது. பெருக்கிவிட்டு வருகிறேன்.