மாவுச்சத்தைக் குறைத்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறேன், கூட நிற்கும் டாக்டரை எப்படித் தேடுவது?

கேள்வி (புதுவரவு):
எனக்கு டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு இரண்டும் எடுக்கிறேன். கொஞ்ச நாளாக மாவுச்சத்தைப் பாதிக்கு மேல் குறைத்துவிட்டு, வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் குளுக்கோமீட்டரில் பார்த்து நோட்டில் எழுதி வருகிறேன், எண்கள் நன்றாகவே இறங்கியிருக்கின்றன. போன வாரம் நோட்டை நீட்டினால் டாக்டர் கையில்கூட வாங்கவில்லை. "இதெல்லாம் எதுக்கு, மாத்திரையை ஒழுங்கா போடுங்க, மூணு மாசம் கழிச்சு ஹெச்பிஏ1சி ரத்த டெஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டே அடுத்த ஆளுக்கு மணி அடித்துவிட்டார். மாத்திரையே வேண்டாம் என்று நான் அடம்பிடிக்கவில்லை. நான் போகிற வழியைக் கூடவே இருந்து கவனிக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் எல்லாம் எப்படித் தேடினீர்கள்? போனதும் என்ன கேட்பது?

பதில் (இரவுப்பறவை):
டாக்டர் தேடுவது அப்புறம், முதலில் கிளிமிபிரைடு. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிற மாத்திரை அது. மாவுச்சத்து குறைந்து டோஸ் மட்டும் பழையபடியே இருந்தால் லோ சுகர் வரும்: கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, மீட்டரில் 70க்குக் கீழே. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. அதனால் புது ஆள் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள், இப்போதைய டாக்டருக்கே போன் போட்டு "சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன், ரீடிங் இவ்வளவுதான் வருகிறது, கிளிமிபிரைடைக் குறைக்க வேண்டுமா" என்று கேளுங்கள். டயட் என்று ஆரம்பித்தால் விவாதமாகிவிடும், டோஸ் என்று கேட்டால் அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

புது இடம் தேடும்போது அப்பாயின்ட்மென்ட் வாங்கும் முன்பே வரவேற்பில் கேட்டுவிடலாம். வீட்டில் எடுத்த ரீடிங்கை டாக்டர் பார்ப்பாரா, டயட்டீஷியன் உண்டா, நடுவில் டோஸ் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது. கடைசிக் கேள்விக்கு விழிக்கிற இடத்துக்கு நான் போகமாட்டேன்.

பதில் (எதிர்க்காற்று):
கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். "நம் வழிக்கு ஒத்துழைக்கிற டாக்டர்" என்று பலர் தேடுவது தலையாட்டும் டாக்டரைத்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிற மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு குறைத்தால் கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் அமிலம் ஏறுகிற ஆபத்தான நிலை) வரலாம், அதுவும் மீட்டரில் எண் பெரிதாக ஏறாமலே வரலாம், ஆள் ஏதோ வாந்தி, வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டிருப்பார். இன்சுலின் போடுபவர் என்றால் கதையே வேறு. ஆக முதல் சந்திப்பிலேயே மாத்திரைப் பட்டியலை வாங்கி, கிட்னி எப்படி, பிரஷர் மாத்திரை என்ன, கடைசியாகக் கண் எப்போது பார்த்தீர்கள், சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் போகிறதா என்று பார்த்தீர்களா என்று குடைந்தெடுக்கிறாரே, அவரை விட்டுவிடாதீர்கள். எதையும் கேட்காமல் "சூப்பர், தொடருங்க" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பதில் (மூன்றாம்பிறை):
நோட்டு முழுவதையும் கொண்டுபோகாதீர்கள், பார்க்க நேரம் இருக்காது. ஒரே தாளில் கடைசி இரண்டு வார ரீடிங், பக்கத்தில் எடை, மாத்திரை, லோ வந்த நாட்கள். வாட்ஸாப்பில் வந்த வீடியோவைக் காட்டினால் காரியம் கெட்டது. அமெரிக்க நீரிழிவுச் சங்கமே 2019இல் வெளியிட்ட உணவு பற்றிய அறிக்கையில், சர்க்கரை அளவைக் குறைப்பதில் அதிக ஆதாரம் இருப்பது மொத்த மாவுச்சத்தைக் குறைப்பதற்குத்தான் என்று இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு பேரம்: "மூன்று மாசம் இப்படிப் போகிறேன், ஹெச்பிஏ1சி ஏறினால் நீங்கள் சொல்வதைக் கேட்கிறேன்." நான் பார்த்தவரை கறாரான டாக்டர்கள்கூட இதற்கு இறங்கி வருகிறார்கள், ஏனென்றால் அந்த டெஸ்ட் காட்டுவதே கிட்டத்தட்ட அந்த இரண்டு மூன்று மாச சராசரியைத்தான்.

புதுவரவு:
எல்லாருக்கும் நன்றி. இரவுப்பறவை சொன்னபடி போன் போட்டேன், காலை ரீடிங்கைக் கேட்டுவிட்டு கிளிமிபிரைடைப் பாதியாக்கச் சொல்லிவிட்டார், டயட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை! அந்த வரவேற்புக் கேள்விகளோடு வேறு இடங்களுக்கும் போன் போடப் போகிறேன், எதிர்க்காற்று சொன்ன கிட்னி, கண் டெஸ்ட் இரண்டும் எனக்குப் பாக்கிதான். ஒரு சந்தேகம், எனக்கு ஹீமோகுளோபின் எப்போதும் குறைவு, இந்த மூன்று மாசப் பேரம் எனக்குச் சரிப்படுமா?

மூன்றாம்பிறை:
அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். இரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி கூடவோ குறையவோ தப்பாகக் காட்டலாம், அப்போது உங்கள் மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.