5வது செமஸ்டர், ஃபார்முலா டீம், தமிழ் மன்றம், அவன்: எதை விடுவது?

கரூர்_ஈசிஇ எழுதியது:

வணக்கம். கோவைப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் ஈசிஇ மூன்றாம் வருடம் படிக்கிறேன். முதல் வருடத்திலிருந்தே காலேஜ் ஃபார்முலா டீமில், அதாவது மாணவர்களே ரேஸ் கார் கட்டுகிற டீமில் இருக்கிறேன், எங்களுடையது எலெக்ட்ரிக் வண்டி. இந்த வருடம் வயரிங், பேட்டரி, சென்சார் எல்லாம் என் பொறுப்பு. ஜனவரியில் செட்டிபாளையம் கரி ட்ராக்கில் ஃபார்முலா பாரத் என்கிற மாணவர் ரேஸ் கார் போட்டி, அதற்குள் வண்டி ஓடியாக வேண்டும். இது போக தமிழ் மன்றச் செயலாளர். பள்ளியிலிருந்தே பட்டிமன்றத்தில் பேசுகிறவள் என்பதால் கேட்டதும் ஒத்துக்கொண்டேன். பொங்கல் விழாவும் அதே ஜனவரியில் வருகிறது.

அப்புறம் அவன். பிளஸ் டூவில் ஒரே வகுப்பு, இப்போது திருச்சியில் சட்டம் படிக்கிறான். இரண்டு வீட்டிலும் தெரியாது. ஊருக்குப் போனாலும் வெளியில் பார்த்துக்கொள்ள முடியாது, கரூர் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்று பேசினால் சாயங்காலத்துக்குள் வீட்டுக்குச் சேதி வந்துவிடும். எங்களுக்கு இருப்பது போன் மட்டும்தான். ராத்திரி ஒன்பதரைக்குப் பேசுவோம். ஆகஸ்டிலிருந்து அது தவறிக்கொண்டே வருகிறது, பேசினாலும் பாதி நேரம் எனக்கு டீம் குரூப்பில் மெசேஜ் வந்துகொண்டிருக்கும். போன வாரம் "உனக்கு வண்டிதான் முக்கியம்னா சொல்லிடு, நான் எதிர்பார்க்காம இருந்துக்கறேன்" என்றான். சண்டை போடுகிற ஆள் இல்லை அவன், அதனால்தான் அது இன்னும் மனசிலேயே நிற்கிறது.

அட்டெண்டன்ஸ் 71 சதவீதம். லேடீஸ் ஹாஸ்டல் கேட் எட்டு மணிக்கு மூடிவிடும். பையன்கள் நள்ளிரவு வரை ஒர்க்‌ஷாப்பில் இருப்பார்கள், என் பங்கு வேலையை நான் பகலில்தான் முடிக்க வேண்டும், அதனால் மதிய வகுப்புகள் போகின்றன. டிரான்ஸ்மிஷன் லைன்ஸ் பேப்பரில் முதல் இன்டர்னல் டெஸ்ட்டில் நூற்றுக்கு 38 மார்க். அப்பா ஒரு டெக்ஸ்டைல் யூனிட்டில் வேலை பார்க்கிறார், படிப்புக்கு வங்கிக் கடன் இருக்கிறது. அரியர் வைத்துக்கொண்டு ஆறாவது செமஸ்டருக்குப் போக எனக்கு மனசில்லை.

டைம் டேபிள் போடு என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள், போட்டுப் பார்த்தாயிற்று. எதை விடுவது என்பதுதான் கேள்வி.

---

உதவிப்பேராசிரியர் எழுதியது:

மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம் மா, முதலில் அந்த 71. ஒட்டுமொத்தமாக 75 வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு விலக்கு உண்டுதான். ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தவர்கள், விபத்தில் அடிபட்டவர்கள், விளையாட்டுப் போட்டிக்குப் போனவர்கள் சான்றிதழ் கொடுத்துப் பெறுவது. ஒர்க்‌ஷாப்பில் வயர் இழுத்தேன் என்று சொல்லி அதை வாங்க முடியாது. 65-க்குக் கீழே போனால் தேர்வே எழுத முடியாது, அந்த செமஸ்டரை அடுத்த வருடம் ஜூனியர்களோடு உட்கார்ந்து திரும்பப் படிக்க வேண்டும். உன் கடனில் இன்னொரு வருடம் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 90 வேலைநாள் என்று வைத்துக்கொள், 50 முடிந்துவிட்டது. 71 சதவீதம் என்றால் நீ வந்தது முப்பத்தைந்தரை நாள். 75 தொட மொத்தம் அறுபத்தேழரை வேண்டும். மீதி இருக்கும் 40 நாளில் 32 நாள் வந்தாக வேண்டும், அதாவது இனிமேல் 8 நாள்தான் விட முடியும், காய்ச்சல், ஊருக்குப் போவது எல்லாம் அதற்குள்தான். உன் கல்லூரியின் நாள் கணக்கை வாங்கி இதே மாதிரி நீயே போட்டுப் பார். எட்டு நாள்தான் கையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் மதிய வகுப்பைவிட்டு எழுந்து போகக் கால் வராது.

டீம் வேலைக்கு ஓடி (ஆன் டியூட்டி, கல்லூரி வேலையாகப் போனதை வருகையாகக் கணக்கில் எடுப்பது) தருகிறார்களா என்று உன் ஃபேகல்ட்டி அட்வைசரிடம் கேள். கல்லூரிக்குக் கல்லூரி மாறும். தருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கு. செமஸ்டர் கடைசியில் மொத்தமாக ஓடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் எந்த ஹெச்ஓடியும் போட மாட்டார்.

38-ஐப் பற்றி பயப்படாதே. 2021 ரெகுலேஷனில் தியரிக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வில் குறைந்தது 45 சதவீதம், மொத்தத்தில் 50 சதவீதம் வந்தால் பாஸ். அடுத்த இன்டர்னலில் நிமிர்ந்துவிடலாம். ஸ்மித் சார்ட்டை, அந்தப் பேப்பரில் வரைந்து கணக்குப் போடுகிற வட்டப் படத்தை, மட்டும் கையில் காம்பஸ் வைத்துக்கொண்டு ஒரு பத்து கணக்குப் போட்டுப் பழகு, அந்தப் பேப்பரில் பாதி பயம் அங்கேதான் இருக்கிறது.

---

பழைய_ஒர்க்‌ஷாப் எழுதியது:

தங்கச்சி, நான் இதே மாதிரி ஒரு டீமில் எலெக்ட்ரிகல் லீடாக இருந்தவன், இப்போது ஓசூரில் வேலை. நீ டீமை விட வேண்டாம். ஆனால் நீ சொல்வதைப் பார்த்தால் எல்லா வயரும் உன் கை வழியாகத்தான் போகிறது. அது வண்டிக்கே ஆபத்து. போட்டியில் மழைச் சோதனை என்று ஒன்று வைப்பார்கள், தெரிந்திருக்கும், ஹை வோல்டேஜ் ஆனில் இருக்கும்போதே வண்டி மேல் தண்ணீர் அடிப்பார்கள், எங்காவது இன்சுலேஷன் கசிந்தால் அதைக் கண்காணிக்கிற ஐஎம்டி கருவி ட்ரிப் ஆகி வண்டியை நிறுத்திவிடும், நீ அதோடு வெளியில் உட்கார வேண்டியதுதான். அந்த நேரத்தில் எந்தக் கனெக்டர் எங்கே போகிறது என்று உனக்கு மட்டும் தெரிந்திருந்தால், உனக்குக் காய்ச்சல் வந்தால் டீம் கதை என்ன?

ஹார்னஸ் ட்ராயிங்கை, அதாவது மொத்த வயரிங் படத்தை, முழுசாகப் போடு. ஒவ்வொரு வயருக்கும் நம்பர், நிறம், எங்கிருந்து எங்கே, எந்தப் பின். போட்டு இரண்டு செகண்ட் இயர் பிள்ளைகள் கையில் கொடு. லோ வோல்டேஜ் வயர் முனைகளை அழுத்திப் பூட்டுகிற கிரிம்பிங் எல்லாம் அவர்கள் பார்க்கட்டும், நீ உட்கார்ந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்து மல்டிமீட்டரில் செக் பண்ணினால் போதும். பேட்டரி பாக்ஸ் பக்கம் மட்டும் நீயும் தெரிந்தவர்களும்தான் போக வேண்டும், அங்கே ஜூனியர்களைத் தனியாக விடக்கூடாது, கிளவுஸ் இல்லாமல் யாரும் தொடக்கூடாது.

இன்னொன்று, நவம்பர் டிசம்பரில் செமஸ்டர் தேர்வு வந்துவிடும். அக்டோபர் கடைசியில் டிசைனை நிறுத்திவிட வேண்டும், அதற்கு மேல் "இந்த சென்சாரையும் சேர்க்கலாமே" என்று வருகிற யாரையும் கேப்டன் உள்ளே விடக்கூடாது. எங்கள் டீமில் ராத்திரி நேரத்தைத் தின்றதெல்லாம் இப்படிக் கடைசியில் சேர்த்த சாமான்கள்தான்.

தமிழ் மன்றச் செயலாளர் பதவியை யாருக்காவது கொடுத்துவிடு. பேசுவதை விடச் சொல்லவில்லை. பட்டிமன்றத்துக்குத் தலைப்பு வாங்கி ஒரு ராத்திரி தயார் பண்ணி மேடை ஏறுவது உனக்குச் சந்தோஷம். ஃப்ளெக்ஸ், சிறப்பு விருந்தினருக்குக் கார், பொன்னாடை பில், ஹால் புக்கிங், இதெல்லாம் செயலாளர் வேலை. ஃபார்முலா பாரத்தும் பொங்கல் விழாவும் ஒரே மாதத்தில் ஒரே ஆளால் முடியாது.

---

முதல்_பட்டதாரி எழுதியது:

எல்லாரும் எப்படி எல்லாவற்றையும் வைத்துக்கொள்வது என்றுதான் சொல்கிறீர்கள். நான் வேறு மாதிரி சொல்கிறேன். அப்பா யூனிட்டில் நின்று சம்பாதிக்கிறார், கடன் இருக்கிறது. அடுத்த வருடம் ஜூலை ஆகஸ்டில் ப்ளேஸ்மெண்ட்டுக்குக் கம்பெனி வரத் தொடங்கிவிடும், நிறைய இடங்களில் அரியர் இருந்தால் எழுத்துத் தேர்வுக்கே உட்கார விட மாட்டார்கள். வண்டி ஜெயிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. உன் டிகிரி நின்றால் வீடே நிற்கும். ஒரு செமஸ்டர் டீமைத் தள்ளி வை, ஒன்றும் ஆகாது.

---

பழைய_ஒர்க்‌ஷாப் எழுதியது:

@முதல்_பட்டதாரி கடன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, டிகிரிக்கு மேல் எதுவும் இல்லை. ஆனால் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது அந்த வண்டிதான். இன்டர்வியூவில் முக்கால் மணி நேரம் பேட்டரி கூலிங் பற்றித்தான் கேட்டார்கள். செப்டம்பரில் லீட் விலகினால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வராது, இந்த வருட வண்டி போட்டிக்குப் போகாது. அதுவும் அவளுக்கு ஒரு நஷ்டம்தான்.

---

காவிரிக்கரை எழுதியது:

நான் அவன் இடத்தில் இருந்தவன். அவள் நாடகக் குழுவில் இருந்தாள், கல்ச்சுரல்ஸ் சீசன் வந்துவிட்டால் ஒத்திகை முடிந்து ஹாஸ்டலுக்குப் போகும்போது பத்தரை ஆகிவிடும். அவள் மேடையில் நிற்பதை நினைத்தால் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கஷ்டம் எங்கே என்றால், ஒன்பதரைக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைக்கு வருமா வராதா என்று உட்கார்ந்திருப்பது. சாப்பிடப் போகவும் தோன்றாது, படிக்கவும் ஓடாது. பத்து மணிக்கு "சாரி டயர்ட், நாளைக்கு" என்று வரும். அந்த அரை மணி நேரம் என்னைச் சாப்பிட்டது மாதிரி வேறு எதுவும் சாப்பிடவில்லை.

அப்புறம் அவளே ஒரு ஏற்பாடு சொன்னாள். தினமும் பேச வேண்டாம், செவ்வாய், வெள்ளி, ஞாயிறு பேசலாம், அந்த மூன்று நாளும் தவறாது, மற்ற நாளில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது, கணக்குப் போட்டுக் காதலிப்பதா என்று. ஆனால் மற்ற நான்கு நாளும் நான் நிம்மதியாகப் படித்தேன். அந்த மூன்று நாளில் அவள் போனில் வேறு எதுவும் பார்க்க மாட்டாள், அது எனக்குக் குரலிலேயே தெரியும். அவள் நடித்த நாடகத்தை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் ஒத்திகையில் எந்த வசனம் வராமல் எல்லாரையும் படுத்தியது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையும் சொல்வாள்.

அவனுக்கு வண்டியைப் பற்றிச் சொல்கிறாயா? "ஒர்க்‌ஷாப்பில் இருக்கேன்" என்பது மட்டும் இல்லை. மழைச் சோதனை என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அதைப் படித்ததும் எனக்கே வண்டி தாண்டுமா என்று கவலை வந்துவிட்டது. அவனுக்கு அதைச் சொல். போட்டி வரை எந்தெந்த வாரம் மோசமாக இருக்கும் என்று தேதியோடு சொல். இவ்வளவும் சொன்ன பிறகும் "வண்டியா நானா" என்று நின்றால் அது நேரத்தைப் பற்றிய பிரச்சினை இல்லை, அப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டும். நீ எழுதியதைப் பார்த்தால் அவன் அப்படிப்பட்ட ஆளாகத் தெரியவில்லை.

---

எட்டுமணி_கேட் எழுதியது:

தங்கச்சி, இவ்வளவு பேர் எழுதியும் அந்தக் கேட் விஷயத்தில் ஒருவர்கூட நிற்கவில்லை. நீ எதை விடுவது என்று கேட்கிறாய். உன் டீம் பையன்கள் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்கிறார்களா? அவர்களுக்கும் இதே வண்டி, இதே பேப்பர். அவர்கள் வகுப்புக்குப் போய்விட்டு ஏழு மணிக்குமேல் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறார்கள். உனக்கு எட்டிலிருந்து நள்ளிரவு வரை அந்த நான்கு மணி நேரம் கிடையாது, அதனால் அதை வகுப்பிலிருந்து எடுக்கிறாய். பிறகு வகுப்பில் போனதை ராத்திரி ஒன்பதரைக்கு உட்கார்ந்து படிக்கிறாய், அங்கே அவன் காத்திருக்கிறான். உன் 71, உன் 38, அவன் கோபம் மூன்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது. உன் ஆசை அதிகம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

நாங்கள் படித்தபோது டீமில் இருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஃபேகல்ட்டி அட்வைசரை வைத்து ஒரு கடிதம் எழுதினோம். வாரத்தில் இரண்டு நாள் ஒன்பதரை வரை அனுமதி, ஒர்க்‌ஷாப்பில் ஒரு ஸ்டாஃப் இருப்பார், திரும்பி வரும்போது காலேஜ் செக்யூரிட்டி ஹாஸ்டல் வாசல் வரை வருவார், யார் யார் என்று பெயர்ப் பட்டியல், பெற்றோர் சம்மதக் கடிதம், எல்லாம் இணைத்து. வார்டன் முதலில் முடியாது என்றார், பிரின்சிபால் வரை போனோம், கிடைத்தது. கேட்கிறபோது சலுகை மாதிரி கேட்காதே. கல்லூரி பெயரில் ஓடுகிற வண்டி அது, ப்ராஸ்பெக்டஸில் உன் போட்டோவைப் போட்டுக்கொள்வார்கள்.

கிடைக்காவிட்டாலும் இரண்டு வழி இருக்கிறது. டீம் மீட்டிங்கையும் பாகங்களை ஒன்றாகச் சேர்க்கிற இன்டெக்ரேஷன் வேலையையும் சனி ஞாயிறு பகலுக்கு மாற்றச் சொல்லி கேப்டனிடம் கேள், பையன்கள் காலையில் எழுந்து வரட்டும். ட்ராயிங், டேட்டா ஷீட் படிப்பது, டிசைன் ரிப்போர்ட் எழுதுவது எல்லாம் ஹாஸ்டல் ரூமில் லேப்டாப்பில் செய்கிற வேலை, அதற்காக ஒரு வகுப்பையும் விடாதே.

பெற்றோர் சம்மதம் என்றதும் பயப்படாதே. வண்டிக்கு என்று அப்பாவிடம் தைரியமாகக் கேட்கலாம். முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு வந்து வண்டியைக் காட்டு. தறி மிஷினோடு பழகின மனுஷர் என்றால் மோட்டாரையும் செயினையும் பார்த்ததும் குனிந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

---

கரூர்_ஈசிஇ எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. எட்டுமணி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீமில் நாங்கள் நான்கு பெண்கள், இன்றைக்கு மெஸ்ஸில் பேசினோம், கடிதம் நாளைக்கே எழுதுகிறோம். ஐயா சொன்ன கணக்கை எங்கள் கல்லூரி நாளுக்குப் போட்டுப் பார்த்தேன், எனக்கு 6 நாள்தான் இருக்கிறது. மதிய வகுப்பு இனி விடுவதில்லை. செயலாளர் பதவியை இணைச் செயலாளருக்குக் கொடுக்கிறேன் என்று மன்றப் பொறுப்பாசிரியரிடம் சொல்லிவிட்டேன், பொங்கல் பட்டிமன்றத்தில் பேசுவது மட்டும் என்னிடம் இருக்கட்டும் என்றும் கேட்டிருக்கிறேன், தேதி இடிக்காமல் இருந்தால்.

முதல்_பட்டதாரி அண்ணா, நீங்கள் சொன்னதையும் யோசித்தேன். அடுத்த இன்டர்னலில் எந்தப் பேப்பரிலாவது 50-க்குக் கீழே வந்தால் லீட் பொறுப்பைக் கொடுத்துவிட்டுச் சாதாரண உறுப்பினராக இருக்கிறேன் என்று கேப்டனிடம் சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சரி என்றார்.

அவனிடம் இந்தத் திரியையே அனுப்பினேன். திங்கள், வியாழன், ஞாயிறு என்று அவனே நாள் சொன்னான், மற்ற நாளில் அவனுக்கும் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) தயாரிப்பு இருக்கிறதாம், அதை இவ்வளவு நாள் என்னிடம் சொல்லவே இல்லை.

ஒர்க்‌ஷாப் அண்ணா, ஹார்னஸ் ட்ராயிங்குக்கு நீங்கள் எக்செல் ஷீட் வைத்திருந்தீர்களா, வேறு சாஃப்ட்வேரா? செகண்ட் இயர் பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள்.

---

பழைய_ஒர்க்‌ஷாப் எழுதியது:

எக்செல்தான், அதுவே போதும். கனெக்டருக்கு ஒரு ஷீட், வயருக்கு ஒரு ஷீட், ஃபியூஸுக்கு ஒரு ஷீட். ஃபியூஸ் ரேட்டிங் பக்கத்திலேயே வயர் சைஸையும் எழுதச் சொல், இன்ஸ்பெக்‌ஷனில் ஃபியூஸ் அந்த வயருக்குப் பொருந்துகிறதா என்று கேட்பார்கள். காலியான ஃபார்மட் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.