சி ஸ்ட்ரக்ட்டின் கடைசி அரேயில் [1]-ஐ [] ஆக்கப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

தண்டையார்பேட்டைக்காரன்
மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு. எடைமேடைக் கருவியை லினக்ஸ் கர்னலோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருள் எங்களுடையது. செய்தியை வைக்கும் ஸ்ட்ரக்ட்டின் (பல தகவல்களைச் சேர்த்து வைக்கும் அமைப்பு) கடைசியில், நீளம் மாறும் பகுதிக்கு, டேட்டா[1] என்று யாரோ எப்போதோ எழுதி வைத்திருந்தார்கள். நீளம் சொல்லாத [] அரேயை (ஃப்ளெக்ஸ் அரே) அனுமதிக்கும் சி99 வந்து எத்தனை வருஷம், இன்னுமா இது என்று [] ஆக்கிவிட்டேன். கம்பைலர் மூச்சு விடவில்லை.

முதலில் ஏறியது குட்டியானை. 1,840 கிலோ, சரி. அடுத்து டிரெய்லர். திரையில் 38,260 வந்தது, சில நொடியில் கம்ப்யூட்டர் பெட்டி அப்படியே உறைந்துவிட்டது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. "இன்னா சார், ஒரு வண்டிக்கே படுத்துகிச்சு?" என்றார் வாட்ச்மேன். இன்றைக்கும் காதில் இருக்கிறது.

ராத்திரி, மெமரி எல்லை மீறலைக் காட்டும் கேசான் போட்டதும்தான் பிடிபட்டது. முன்பு ஸ்ட்ரக்ட்டின் அளவு, அதாவது சைஸ்ஆஃப், 12 பைட்: ஹெடர் 8, டேட்டா 1, இடத்தை நிரப்பும் பேடிங் 3. [] ஆனதும் அது 8. மெமரி கேட்கும் கேமலாக் வரியில் மட்டும் பழைய சைஸ்ஆஃப் "கூட்டல் நீளம் கழித்தல் ஒன்று" அப்படியே இருந்தது; [1]-இன் அந்த ஒரு பைட்டுக்காக வைத்த கழித்தல் அது. நான்கு இலக்க எடைக்குச் செய்தி 56 பைட்: ஹெடரோடு தேவை 64, 63 கேட்டோம், கேமலாக் ரவுண்டாக 64 கொடுத்தது, பிழைத்தோம். ஐந்து இலக்கத்துக்கு 57: தேவை 65, கேட்டதும் 64, கிடைத்ததும் 64. 65-வது பைட் பக்கத்து வீட்டுக்குள் விழுந்தது.

வியாசை
எனக்கும் நடந்தது, ஆனால் டெஸ்ட் டேபிளிலேயே பிடித்துவிட்டேன். கழித்தல் ஒன்றை, கோடில் சொல் தேடும் கிரெப் போட்டுத் தேடியிருக்க வேண்டாமா? முதலில் அந்த ஸ்ட்ரக்ட்டின் சைஸ்ஆஃப் வரும் எல்லா இடத்தையும் பாருங்கள். மெமரியை நிரப்பும் மெம்செட், குறைந்தபட்ச நீளச் சோதனை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கும். மாற்றுவதற்கு முன்னும் பின்னும், ஸ்ட்ரக்ட்டின் அமைப்பைக் காட்டும் பாஹோல் ஓட்டுங்கள். கையால் கணக்குப் போடாமல், மொத்த அளவைக் கணக்கிடும் ஸ்ட்ரக்ட்_சைஸ் மேக்ரோ போடுங்கள். பெருக்கல் வழிந்தால் அளவு உச்சத்தில் நின்றுவிடும், அலோகேஷன் தோற்கும், மெமரி கெடாது. அரேயின் எண்ணிக்கை எந்த ஃபீல்டில் என்று கம்பைலருக்குச் சொல்லும் கவுன்டட்_பை போடுவதென்றால் எண்ணிக்கையை முதலில் நிரப்பிவிட்டு அப்புறம் அரேயைத் தொடுங்கள். கர்னல் 6.5-இலிருந்து ஸ்ட்ரிக்ட் ஃப்ளெக்ஸ் அரேஸ் 3 என்ற கம்பைலர் ஆப்ஷன் வேறு வந்துவிட்டது. [1] என்றால் ஒன்றுதான் என்று கம்பைலர் நம்பும். இனி தள்ளிப்போட முடியாது.

ராயபுரம்_ரூட்டர்
வியாசை சொல்வது கர்னலுக்குள் மட்டும் இருக்கும் ஸ்ட்ரக்ட்டுக்குத்தான் பொருந்தும். என்னுடையது அப்ளிகேஷனும் சேர்க்கும் ஹெடரில் இருந்தது. மாற்றினேன், டிரைவர் ஏறியது, டிவைஸ் கோப்பும் திறந்தது. ஆனால் பழைய அப்ளிகேஷன் எதைக் கேட்டாலும் ஈநாட்டி, அதாவது 'இப்படி ஒரு கட்டளை தெரியாது' என்ற பிழை. சிஸ்டம் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸில் அதே வரி திரை முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. அப்ளிகேஷன் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் ஐஆக்டில் எண்ணைக் கட்டும் மேக்ரோ ஸ்ட்ரக்ட்டின் அளவையும் அந்த எண்ணுக்குள்ளேயே வைத்துவிடுகிறது. அளவு சுருங்கியது, எண்ணே மாறிவிட்டது! ஒரே இடத்தைப் பகிரும் யூனியனுக்குள் பழைய [1]-ஐயும் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் அரேயையும் வைத்துத்தான் சமாளித்தேன். எந்த கிரெப் இதைக் காட்டும்?

தண்டையார்பேட்டைக்காரன்
வியாசை, கிரெப் போட்டேன். நான் தேடியது நடுவில் இடைவெளியோடு. எழுதியவர் இடைவெளி விடாமல் ஒட்டி எழுதியிருந்தார்.