ப்ளீச்சில் மூன்று நிறமாகிப்போன முடி: மறுபடி டை போடலாமா, வெட்டிவிடலாமா?

மஞ்சக்குப்பம் பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். என் முடி இப்போது மூன்று நிறத்தில் இருக்கிறது. வேரிலிருந்து இரண்டு அங்குலம் ஆரஞ்சு. நடுவில் செங்கல் பொடி மாதிரி கருஞ்சிவப்பு, அதுவும் திட்டுத்திட்டாக. கடைசி நாலைந்து அங்குலம் வைக்கோல் நிறம், வெயிலில் நின்றால் பாசி படிந்தாற்போல் பச்சை அடிக்கிறது.

போன வருஷம் ஸ்மூத்தனிங் (மருந்து வைத்து முடியை நேராக்குவது) செய்தேன். சில மாதம் கழித்து ஒரு பார்லரில் முழுத் தலைக்கும் ப்ளீச் போட்டு ஆஷ் பிரவுன் (சாம்பல் சாயல் பழுப்பு) ஏற்றினார்கள். ஒரே மாதத்தில் மஞ்சளாக வெளுத்தது. கடையில் ஆஷ் பிரவுன் பாக்கெட் வாங்கி வீட்டிலேயே இரண்டு தடவை போட்டேன், நுனி சாம்பலும் பச்சையும் ஆனது. நாலு மாதம் கொண்டை போட்டே ஓட்டினேன். போன வாரம், எல்லாவற்றையும் எடுத்துவிடலாம் என்று 30 வால்யூம் டெவலப்பர் (ப்ளீச்சில் கலக்கும் பெராக்சைடு) வைத்து மறுபடி ப்ளீச். அதற்குப் பிறகுதான் இந்தக் கோலம். இன்னும் 20 நாளில் திருப்பாதிரிப்புலியூரில் அண்ணன் கல்யாணம். அம்மா என் தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

தங்கச்சி, முதலில் அழாதே. பதினாறு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இதைவிட மோசமான தலைகளைச் சரிசெய்திருக்கிறோம்.

நடந்தது என்னவென்று சொல்கிறேன். வேர் புது முடி, அதில் டை இல்லை. ப்ளீச் பட்டதும் கறுப்பு போய் அடியில் இருக்கிற ஆரஞ்சு தெரிகிறது. நடுவில் பாக்கெட் டை ஏறியிருக்கிறது, அது ஓர் இடத்தில் கழன்றிருக்கும், ஓர் இடத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். நுனி இரண்டு தடவை ப்ளீச் வாங்கியதில் முடியின் மேல்தோல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. ஆஷ் நிறத்தில் நீலம் இருக்கும். மஞ்சள் முடிமேல் நீலம் ஏறினால் பச்சைதானே வரும்?

இனி ஒரு சொட்டு ப்ளீச்கூட வேண்டாம். உன் தலையில் எது மிகவும் இருட்டாக இருக்கிறதோ அந்த நிறத்துக்கு மற்ற இரண்டையும் இறக்க வேண்டும், அதாவது டார்க் பிரவுன். நுனியில் நேராகப் பிரவுன் போட்டால் மறுபடி சேறு மாதிரி ஆகும். பிரவுன் நிற்பதற்கு அடியில் சிவப்பும் மஞ்சளும் வேண்டும், உன் நுனியில் இரண்டுமே இல்லை. முதலில் காப்பர் கோல்டு (ஆரஞ்சுச் சிவப்புச் சாயல்) ஏற்றி அந்த இடத்தை நிரப்பி, அதன்மேல் அம்மோனியா இல்லாத பிரவுனை 10 வால்யூம் டெவலப்பரில், அதாவது 3 சதவீதப் பெராக்சைடில், கலந்து போட வேண்டும். வேரில் ஆரஞ்சை அடக்கக் கொஞ்சம் நீலச் சாயல் கலந்த பிரவுன். நுனி சீக்கிரம் உறிஞ்சிவிடும், அதனால் அங்கே கடைசியில் தடவிக் குறைந்த நேரம் வைத்தால் போதும். ஒரே கிண்ணத்தில் கலந்து உச்சி முதல் நுனிவரை தடவினால்தான் இந்தமாதிரி ஆகிறது.

முதுநகர்வாசி:

பார்லர் அக்கா சொல்லும் நிறக் கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் நிறத்தைப் பற்றி இவ்வளவு எழுதியவர், அந்த முடி உயிரோடு இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

நான் பட்டவள். எனக்கும் ஸ்மூத்தனிங், அதன்மேல் ப்ளீச், அதன்மேல் "கரெக்‌ஷன்". மூன்றாவது நாள் தலைக்குக் குளித்துவிட்டுச் சீப்பை வைத்தேன், காதோரம் ஒரு கொத்து அப்படியே சீப்போடு வந்தது. வேரோடு வரவில்லை, நடுவில் அறுந்து வந்தது. அந்த இடம் மறுபடி தோளைத் தொட இரண்டு வருஷம் ஆனது. முடி மாதத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். கல்யாணம் ஒரு நாள், தங்கச்சி.

ஸ்மூத்தனிங் மருந்து முடியின் உள்பிணைப்புகளை உடைத்துத் திரும்பப் பூட்டுகிறது. ப்ளீச் அதே பிணைப்புகளை உடைக்கிறது, ஆனால் பூட்டுவதில்லை. இரண்டையும் வாங்கின முடிக்கு மூன்றாவதாக எதையும் கொடுக்கக் கூடாது. வெட்டு. மீதியைப் பின்னிப் பூ வை. யாரும் நிறம் பார்க்கப்போவதில்லை.

பாகூர் மருதாணி:

இரண்டு பேருமே மருதாணியை மறந்துவிட்டீர்கள். என் வீட்டு வாசலில் மரமாகவே நிற்கிறது. இலையைக் காயவைத்து அரைத்து, முதல் நாள் மருதாணி, கழுவிவிட்டு அவுரி, அதாவது நீலச் சாயம் தரும் இலை. என் நரை முழுக்க இப்படித்தான் மறைகிறது, ஒரு பைசா கெமிக்கல் கிடையாது. அவுரி ஒன்றும் புதிதில்லை. நம் தென்னாற்காட்டில் விளைந்த பயிர்தான் அது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்த நீலத்துணி அவுரியில் தோய்த்ததுதான். துணிக்கு அத்தனை நாள் நின்ற சாயம் முடிக்கு நிற்காதா?

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

அம்மா, உங்கள் நரைக்கும் இந்தப் பெண்ணின் முடிக்கும் வித்தியாசம் இருக்கிறது. நரைமுடி உறுதியாக இருக்கும். இவளுடைய நுனி பஞ்சு. அவுரியை வெளிறிய முடியில் தனியாக வைத்தால் பச்சை நீலம் ஆகிவிடும், எடுக்கவே முடியாது. கடையில் "கறுப்பு மருதாணி" என்று விற்கும் பாக்கெட் பலவற்றில் டையில் போடும் அதே பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. சிலவற்றில் உலோக உப்பும் கலக்கிறார்கள். அதன்மேல் பிறகு டெவலப்பர் பட்டால் முடி சூடாகிப் பொசுங்கும், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாகூர் மருதாணி:

பாக்கெட்டைப் பற்றி நான் பேசவே இல்லையே, இலையைப் பற்றித்தான் பேசுகிறேன். சரி, உங்களிடமே கேட்கிறேன். நுனியில் முதலில் காப்பர் கோல்டு ஏற்ற வேண்டும் என்றீர்களே, மருதாணி கொடுப்பது அதே ஆரஞ்சுச் சிவப்புதானே? நீங்கள் டப்பாவிலிருந்து எடுத்து நிரப்புவதை நான் இலையிலிருந்து எடுத்து நிரப்புகிறேன். அவுரி அதன்மேல்தான் வைக்கச் சொன்னேன், தனியாக இல்லை. கழுவின அன்றைக்குப் பச்சையாகத் தெரிந்தாலும் காற்றுப்பட்டு ஒன்றிரண்டு நாளில் இருளும்.

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, மருதாணியும் நிரப்பத்தான் செய்யும். அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் மருதாணி முடியின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால் திரும்பி வராது. நான் போடும் பிரவுன் பிடிக்காவிட்டால் சில வாரத்தில் கழுவிப்போகும். அதோடு மணிக்கணக்கில் காய்ந்து இறுகின விழுதை இந்த முடியிலிருந்து அலசி எடுக்கும்போதே பாதி அறுந்துவிடும்.

முதுநகர்வாசி:

"சில வாரத்தில் கழுவிப்போகும்." நன்றி அக்கா, நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஓட்டை முடியில் நிறம் சீக்கிரம் ஏறும், சீக்கிரம் இறங்கும். அப்புறம் மறுபடி போட வேண்டும், மறுபடி காசு. இந்தச் சுற்றில்தான் அவள் ஏற்கெனவே இருக்கிறாள்.

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

காசுக்காகச் சொல்கிறேன் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. இருபத்து நாலு வயதுப் பெண் தலையில் துப்பட்டா போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதை நீங்கள் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன். "பொறுத்திரு, வளரும்" என்பது எல்லாராலும் முடிகிற காரியம் இல்லை. நிறம் சமமானால் கண்ணாடி பார்க்கிறாள், எண்ணெய் வைக்கிறாள், கவனிக்கிறாள்.

நெல்லிக்குப்பம் ஆசிரியர்:

நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன், பார்லர் விஷயம் தெரியாது. ஒரே ஒரு கேள்வி: மகளே, நீ தலைக்கு எந்தத் தண்ணீரில் குளிக்கிறாய்? கடற்கரையோரம் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. பக்கெட்டின் அடியில் பழுப்புக் கறை படிந்தால் இரும்பும் இருக்கிறது. திறந்து கிடக்கும் முடி அந்த இரும்பையும் கால்சியத்தையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதன்மேல் பெராக்சைடு பட்டால் உலோகம் அதைத் தாறுமாறாகச் சிதைக்கும், ஓர் இடம் அதிகம் வெளுக்கும், முடியும் அதிகம் சேதமாகும். ஈடிடிஏ (உலோகத்தைப் பிடித்து வெளியேற்றும் பொருள்) கலந்த ஷாம்புவால் ஒரு தடவை அலசி, கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் பயன்படுத்து. எண்ணெய் வைப்பதானால் குளிப்பதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய். அது முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003-ல் ஆய்வு வந்திருக்கிறது. மினரல் எண்ணெயிலும் சூரியகாந்தி எண்ணெயிலும் அந்தப் பலன் தெரியவில்லை.

டை போடுவதா வேண்டாமா என்பதை நாம் இங்கே பேசித் தீர்க்க வேண்டியதில்லை. உதிர்ந்த முடி ஒன்றை நனைத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், எந்தப் பகுதியில் வலு மிச்சம் என்று தெரிந்துவிடும்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:

சார், எங்கள் பக்கெட்டில் அந்தக் கறை இருக்கிறது. இதுவரை அது துருப்பிடித்த குழாயால் என்று நினைத்திருந்தேன்.

இப்போதுதான் செய்து பார்த்தேன். சீப்பிலிருந்து முழு நீள முடி மூன்று எடுத்து டம்ளர் தண்ணீரில் ஊறவைத்தேன். வேர்ப் பக்கம் இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிப் போகிறது. நடுப்பகுதியும் அப்படித்தான், கொஞ்சம் தளர்வு. நுனி வேகவைத்த சேமியா மாதிரி நீண்டுகொண்டே வந்து, திரும்பாமல் அறுந்தது. மூன்றிலும் அப்படியே.

முதுநகர்வாசி:

பார்த்தாயா. அந்த நுனிக்கு நிறம் ஏற்றுவது செத்த முடிக்குச் சாயம் பூசுவது.

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

நுனியில் கை வைக்க மாட்டேன். இதை முதல் பதிலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும், தப்பு என்னுடையது. ஐந்து அங்குலம் வெட்டிவிடலாம். நிரப்புகிற வேலையும் மிச்சம். ஆனால் வேரும் நடுவும் தாங்கும் என்று அவளே சொல்கிறாள். நடுவை அப்படியே விட்டுவிட்டு, வேரில் இருக்கும் ஆரஞ்சை மட்டும் 10 வால்யூமில் நடுவின் நிறத்துக்கு இறக்கித் தருகிறேன். முதலில் பின்கழுத்திலிருந்து ஒரு கொத்தில் போட்டு, காய்ந்தபின் பார்த்துத்தான் மற்றது. தண்ணீரும் எங்கள் கடையில் ஃபில்டர் தண்ணீர்.

முதுநகர்வாசி:

வேரும் வேண்டாம் என்பதுதான் இன்னமும் என் கருத்து. நாளைக்கு அந்த வேர்தான் நுனியாக வந்து நிற்கும். போடுவதானால் அந்த ஒரு கொத்தை இரண்டு நாள் தலைக்குக் குளித்து, சீவிப் பார்த்த பிறகு போடுங்கள். அன்றைக்கே முடிவு செய்யாதீர்கள்.

லாஸ்பேட்டை பார்லர் அக்கா:

சரி, ஒத்துக்கொள்கிறேன். எப்படியும் காதுக்குப் பின்னால் மருந்தைத் தடவி 48 மணி நேரம் அலர்ஜி பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே நாளில் தொடங்கிவிடலாம். ஞாயிறு வந்து தடவிக்கொண்டு போ, செவ்வாய்க்கிழமை வா, வெட்டிவிட்டு வேரையும் பார்க்கலாம்.

மஞ்சக்குப்பம் பொண்ணு:

அக்கா, செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட அம்மா விடமாட்டார்கள். புதன்கிழமை காலை பாண்டி பஸ்ஸில் வருகிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார்கள்.