புதுப்பிப்பு: துறைத் தலைவரே வழிகாட்டியாக இருந்த சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லாருக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்த உதவிப் பேராசிரியர் எனக்கு, ஆண்டு மதிப்பீடு எழுதும் துறைத் தலைவரையே வழிகாட்டியாகப் போட்டிருக்கிறார்கள், மனம்விட்டுப் பேச முடியவில்லை என்று கேட்டிருந்தேன். "வேறு துறை மூத்தவரைக் கேளுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம், அவ்வளவுதான்.

இப்போது என் வழிகாட்டி தாவரவியல் மேடம். என் வணிகவியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கேள்வி கேட்ட கையோட நீங்களே பதிலும் சொல்லிடுறீங்க சார்" என்றார். பாடம் வேறு என்பது தடையே ஆகவில்லை. எதிர்பாராதது, துறைத் தலைவருக்கும் இதில் நிம்மதி!

பின்னால் தேடி வருவோருக்கு: கல்லூரிக்குள் நடக்கும் இந்த வழிகாட்டல் பதவி உயர்வுக்குக் கணக்காகாது. யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியர் ஊதிய நிலை 10-லிருந்து 11-க்குப் போக 21 நாள் ஓரியன்டேஷன் பயிற்சி தனியாக வேண்டும். மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்களில் விண்ணப்பிக்கலாம்.