டொயோட்டா டவுன்ஏஸ் வேன் வைத்திருப்பவர்கள், வைத்திருந்தவர்கள்: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள்

தலவாக்கலைக்காரன்

எங்கள் சிஆர்27 மொடல் டவுன்ஏஸை 2021 இல் விற்றோம். அப்பாவின் வைத்தியச் செலவு, வேறு வழி இருக்கவில்லை. லொட்டோ வேன் என்றால் இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் வண்டியைப் பற்றி விளக்கப் போவதில்லை.

போன மாதம் பண்டாரவளையில் சந்தைக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். நிறத்தை மாற்றியிருக்கிறார்கள், நம்பரைக் கூட நான் முதலில் பார்க்கவில்லை. பின் கண்ணாடியில் அப்பா ஒட்டியிருந்த வேல் ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை மட்டும் வேல் வடிவத்திலேயே மிஞ்சி இருந்தது. கால் அப்படியே நின்றுவிட்டது.

என்னைத் தூங்க விடாமல் செய்வது அது இல்லை. அந்த வேனின் பக்கக் கதவை அப்படியே இழுத்தால் திறக்காது. முதலில் ஒரு விரல் அளவு உள்ளே தள்ளி, கைப்பிடியோடு சேர்த்து லேசாகத் தூக்கி, பிறகுதான் இழுக்க வேண்டும். வீட்டில் எங்கள் நாலு பேருக்குத்தான் அந்தக் கைப்பழக்கம் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஏழு எட்டு வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து தள்ளினான், தூக்கினான், இழுத்தான். யோசிக்கவே இல்லை. உள்ளே ஏறி எங்கள் தங்கை உட்காரும் மூலையில் உட்கார்ந்தான்.

அவனுடைய அப்பாவிடம் பேசினேன். நல்ல மனிதர். கொஸ்லந்தைப் பக்கம், மரக்கறி ஏற்றுகிறாராம். "அண்ணன், நீங்க பழைய ஓனரா?" என்று கேட்டு டீ வாங்கித் தந்தார், நம்பரும் தந்தார். திரும்ப வாங்கலாமா என்ற எண்ணம் அன்றிலிருந்து மண்டைக்குள் சுற்றுகிறது. உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?


மஸ்கெலியா மேல் டிவிசன்

எங்களுடையது இன்னும் வீட்டில்தான் நிற்கிறது. விற்கச் சொல்லிக் கேட்டவர்களுக்கு நான் சொல்லும் ஒரே கதை இதுதான்.

2022, டீசல் இல்லாத காலம். எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு வந்து வேனுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று ஆகியிருந்தது. இரவு ஒரு மணிக்கு மேல் தோட்டத்து லயத்தில் ஒரு பிள்ளைக்குப் பிரசவ வலி. கீழ் லயத்தில் இருந்து புது வேன் ஒன்றை முதலில் கூப்பிட்டார்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டி அது. தேயிலை ஸ்டோருக்கு மேலே இருக்கும் ஏற்றம் மழையில் ஊறிக் கிடந்தது. ஆள் ஏறிய பாரம் பின்னால் சாய, முன் டயர் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. பிறகு என்னை எழுப்பினார்கள்.

எங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் வண்டி, வெறுமையாக இருந்தால் பின்பக்கம் வழுக்கும், அது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் அம்மாயி யாரும் சொல்லாமலே நாலு பையன்களைப் பிடித்துக் கடைசி சீற்றில் உட்காரச் சொன்னார். "கனம் பின்னுக்கு இருந்தாத்தான் ஏறும்டா" என்றார். லைசன்ஸ் இல்லாத, ஸ்டீயரிங்கைத் தொட்டே பார்க்காத மனுஷி! இரண்டாம் கியரில் ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறிற்று. மேலே வந்ததும் அந்தப் பிள்ளை வலிக்கு நடுவே என் தோளை ஒருமுறை தட்டியது. அந்தத் தட்டு இன்னும் தோளில் இருக்கிறது.

நோர்வூட் இறக்கத்தில் டீசலை மிச்சம் பிடிக்க இஞ்சினை நிறுத்தி உருட்டினேன். டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பெண் குழந்தை.


கினிகத்தேனை கராஜ்

மஸ்கெலியா நண்பருக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். செய்தது பெரிய காரியம். ஆனால் இஞ்சினை நிறுத்தி இறக்கியதை இங்கே எழுதியதைப் பார்த்து இன்னொருவர் செய்துவிடக் கூடாது.

என் கதை சிறியது. ரம்பொடை இறக்கத்தில் என் முதலாளியின் டவுன்ஏஸில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போனது. அருவிச் சத்தம் கேட்கும் ஒரு வளைவு. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கக் கானில் இடது சக்கரத்தை இறக்கி நிறுத்தினேன். இறங்கியதும் முதலில் வந்தது அந்த எரிந்த வாடை. 22 வருடமாகக் கராஜ் வேலை செய்கிறேன், இன்றைக்கும் அந்த வாடை வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன்.

இனி இஞ்சின் விஷயம். இது 2சி, 1974 சிசி டீசல். பெற்றோல் வண்டி போல இதற்குத் தானாக வக்யூம் வராது. ஓல்டர்னேட்டரின் முதுகில் ஒரு சின்ன வக்யூம் பம்ப் இருக்கிறது, பெடலை இலேசாக்கும் பிரேக் பூஸ்டருக்கு உயிர் அங்கேயிருந்துதான். இஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். மிச்சம் இருக்கும் வக்யூம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும், அதற்குப் பிறகு பெடல் கல்லு. பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டி என்றால் அதுவும் இறுகிவிடும். டீசலும் பெரிதாக மிச்சமாகாது, கியரில் விட்டு அக்சலேட்டரில் இருந்து காலை எடுத்தாலே பம்ப் டீசலை வெட்டிவிடும்.

எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும், இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் கீழே போகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள். ஒயில் கறுத்திருந்தால் இரண்டு வருடமும் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. "சூடாகுது" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்லும் மெக்கானிக் பாஸ்மார் இருக்கிறார்கள். கொழும்பில் என்ன செய்கிறார்களோ தெரியாது, நுவரெலியாக் குளிரில் அது கழன்றால் இஞ்சின் பதமான சூட்டுக்கே வராது. காலையில் வெள்ளைப் புகை, டீசலும் கூடக் குடிக்கும். சூடாகிற வண்டிக்கு ரேடியேட்டரைப் பாருங்கள், மூடியைப் பாருங்கள். ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகச் சூடாகிவிட்டால் வெடிப்பு விழும். ஊசி ஏறுவது தெரிந்தால் நிறுத்துங்கள், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். ரைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுங்கள். டேஷ்போர்டில் அதற்கான விளக்கு பத்தினால் பல்பைக் கழற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.


நானுஓயா டீச்சர்

கராஜ் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஆனாலும் இந்த இடத்தில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்களுக்கு அது ஸ்கூல் வேன். வீட்டில் இருந்து ரோட்டுக்கு வரும்போதே சப்பாத்து நனைந்துவிடும். தை, மாசி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வேன் மாமா சாவியை ஒருமுறை திருப்பிவிட்டு அந்தச் சுருள் விளக்கு அணையும் வரைக்கும் காத்திருப்பார். நாங்கள் எல்லாரும் சேர்ந்து சத்தமாக எண்ணுவோம். அது ஹீற்றர் பிளக் சூடாகும் நேரம் என்பது எனக்கு வளர்ந்த பிறகுதான் தெரியும். அப்போது அது காலைப் பிரார்த்தனை மாதிரி.

இஞ்சின் முன் சீற்றுக்குக் கீழே என்பதால் நடுவில் இருக்கும் மேடு கதகதப்பாக இருக்கும். நனைந்த காலுறைகளைக் கழற்றி அதன் மேல் வரிசையாக விரிப்போம். ஒரு நாள் புதிதாக வந்த ஒரு பிள்ளை காலுறையே போடாமல் வந்திருந்தது. வாங்கவில்லையாம். எல்லாரும் காய வைக்கும்போது அது கையை மட்டும் மேட்டின் மேல் வைத்துக்கொண்டு இருந்தது. மாமா கண்ணாடியில் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் அந்த மேட்டின் மேல் ஒரு சோடி புதுக் காலுறை கிடந்தது. "யாரோ நேத்து மறந்துட்டுப் போயிட்டாங்க, யாருக்கு அளவோ எடுத்துக்கங்க" என்றார். இன்று நான் படிப்பிக்கும் வகுப்பில் காலுறை இல்லாத காலைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த மேடு ஞாபகம் வரும்.

மாமா இப்போது இல்லை. வண்டி எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது.


இராகலை டொல்பின்

நான் டொல்பின், அதாவது ஹைஏஸ் வேன் ஆள், அதனால் என்னைத் திட்டலாம். ஆனால் தலவாக்கலை நண்பர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

தூக்கித் திறக்கும் கதவு பாசம் இல்லை, தேய்ந்துபோன ரோலர். நடு ரோலர் தேய்ந்தால் கதவு தொங்கும், தொங்கினால் லொக் முழுதாக விழாது. ஏழு வயதுப் பிள்ளை அந்தக் கதவுக்குப் பக்கத்தில் உட்காருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மனிதரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைகளில் தேடினால் ரோலர் கிடைக்கும். என் தம்பியின் டவுன்ஏஸில் வளைவில் கதவு திறந்து ஒரு மூட்டை லீக்ஸ் ரோட்டில் விழுந்தது. மூட்டையாக இருந்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாங்குவது பற்றி: 2020 இல் இறக்குமதியை நிறுத்தியதில் இருந்து பழைய வேன்களின் விலை எங்கேயோ போய்விட்டது. 2025 பெப்ரவரியில் திறந்தும் புது வண்டி நம் கைக்கு எட்டவில்லை. அந்த இனம் திரும்பியும் வராது. 1996 இல் டவுன்ஏஸின் உருவம் மாறி நோவா என்ற பெயரும் சேர்ந்தது, அதுவும் பின்சக்கரம் இழுப்பதுதான். 2001 இல் அந்த நோவா முன்சக்கரத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஆசை எனக்கும் விளங்குகிறது. ஆனால் அது இப்போது ஒருவருடைய பிழைப்பு. அவர் விற்றால் மரக்கறியை எதில் ஏற்றுவார்?


ஹப்புத்தளை

இராகலை நண்பரோடு ஒரு விஷயத்தில் ஒத்துப்போக முடியாது. பாசத்தையும் ரோலரையும் அவ்வளவு சுலபமாகப் பிரிக்க முடியாது.

2014 ஒக்டோபர் 29, மீரியபெத்தை மண்சரிவு, லயங்களே மண்ணுக்குள் போன நாள். அடுத்த நாள் அரிசி, போர்வை ஏற்றிக்கொண்டு கொஸ்லந்தைப் பாடசாலைக்குப் போனேன். ரோட்டைப் பற்றியும் அங்கே பார்த்ததைப் பற்றியும் எழுத மாட்டேன். இரவு திரும்ப முடியவில்லை. சீற்றுகளை மடித்துப் படுக்கை போலப் பரப்பி வைத்திருந்தேன். ஒரு பாட்டி வந்து உள்ளே படுக்கலாமா என்று கேட்டார். பாடசாலைக் கட்டிடத்தில் இடம் இருக்கிறதே அம்மா என்றேன். "இது ஓடும் தம்பி. வீடு ஓடாது" என்றார்.

விடியும் வரைக்கும் நான் டிரைவர் சீற்றில் சாவியைப் போட்டபடியே உட்கார்ந்திருந்தேன்.


தலவாக்கலைக்காரன்

எல்லாவற்றையும் வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை கொஸ்லந்தைக்குப் போய் வந்தேன்.

விலை பேசவில்லை. கதவு ரோலர் பற்றிச் சொன்னேன், ஹேண்ட் பிரேக்கையும் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். வீட்டு அலுமாரியில் அப்பாவின் இரண்டாவது சாவி இருந்தது, விற்கும்போது கொடுக்க மறந்தது. அதையும் கொண்டுபோயிருந்தேன். ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லி அவரே என்னை உட்கார வைத்தார். சாவி நுழையவில்லை. இடையில் யாரோ இக்னிஷன் மாற்றியிருக்கிறார்கள்.

பின் கதவில் போட்டுப் பார்த்தோம். திறந்தது. அவர் வாங்கிய நாளில் இருந்து பின் கதவுக்குச் சாவியே இல்லையாம். சீற்றைத் தாண்டி உள்ளே போய்த்தான் லொக்கை எடுத்து விடுவாராம். மூட்டை இறக்கும் ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பையன் என் கையில் இருந்து சாவியை வாங்கி, பூட்டித் திறந்து, பூட்டித் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போதும் அவன் பின்னால்தான் நின்றான்.