ஜெர்மன்ல டிரெயின் கேள்வி வாயில வரமாட்டேங்குது

வணக்கம், நான் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துல இருக்கேன். வீட்டுக்காரருக்கு ஜெர்மனில ஸ்டுட்கார்ட்ல வேலை, குடும்ப விசாவுக்கு ஏ1, அதாவது ஜெர்மன் மொழியில ஆரம்ப நிலைப் பரீட்சை கேக்குறாங்க, அடுத்த மாசம் கோலாலம்பூர்ல டெஸ்ட். எழுதறது படிக்கிறதெல்லாம் ஓகே, பேசறதுலதான் மாட்டிக்கிட்டேன். பயணம்னு ஒரு கார்டு குடுப்பாங்க, அதுல ஒரே ஒரு சொல்லு, அத வச்சு நாமளே கேள்வி கேக்கணும், 'ட்சூக்'னு, அதாவது டிரெயின்னு பாத்தாலே வாயடைச்சுப் போயிடுது.

'வோ'ன்னா எங்க, 'வோஹின்'னா எந்த இடத்துக்கு, 'வோஹேர்'னா எங்கேருந்து, இது நம்ம தமிழ் மாதிரியே பிரிச்சு இருக்கறதால சுலபம்தான். ஆனா 'வான் ஃபேர்ட் தேர் ட்சூக் ஆப்'னு, அதாவது டிரெயின் எப்ப கிளம்பும்னு கேக்கறப்ப கடைசி 'ஆப்'ப எப்பவும் விட்டுடறேன். ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வின்னா வினைச்சொல் முதல்ல வரணும், அதையும் நடுவுல வச்சிடறேன். 35ன்னு சொல்ல 'ஃபுன்ஃப் உன்ட் ட்ரைசிக்', அதாவது அஞ்சும் முப்பதும்னு திருப்பிச் சொல்றாங்க, நான் 53னு எழுதிட்டு நிக்கறேன், நிஜமா இருந்தா டிரெயின விட்டிருப்பேன்.

4 மாசமா மொபைல் ஆப், யூடியூப், தமிழ் எழுத்துலயே எழுதி வச்ச நோட்டு, பசியாறும்போது கூட முணுமுணுத்துட்டு இருக்கேன். ராத்திரி 9க்கு அவருக்கு கால் பண்ணா அங்க மத்தியானம் 3, வேலை நேரம், அஞ்சு நிமிஷத்துல வச்சிடுவாரு, இங்க லைனும் சரியில்ல. ஈப்போ வரைக்கும் கிளாஸ் போக முடியாது, மாமியாரப் பாத்துக்கணும்.

கூடப் பேச ஆள் இல்லாம ஏ1 எடுத்தவங்க, இந்த பயணக் கேள்விங்கள யோசிக்காம வாயில வர்ற மாதிரி எப்படி பழகுனீங்க?